வாடைக் கடலில் பாய்மரம்: நாகூர் மனாராவிலிருந்து மல்லிப்பட்டினம் மனோரா வரை

தஞ்சை மராட்டிய மன்னர்கள் நம் கடற்கரையில் இரண்டு உயரமான அடையாளங்களை விட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்று, நாகூர் தர்காவில் பிரதாபசிம்மர் கட்டிக்கொடுத்த 131 அடிப் பெரிய மனாரா. இன்னொன்று, மல்லிப்பட்டினத்தை ஒட்டிய சரபேந்திரராஜன்பட்டினத்தில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்கு அறுகோணக் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814-15இல் கட்டியது. மனாரா என்ற சொல்தான் அங்கே மனோரா ஆயிற்று. கடலிலிருந்து கரையைப் பார்த்துப் படகு ஓட்டுகிறவனுக்கு இந்த இரண்டும் ஒரு பாதையின் தொடக்கமும் முடிவும். இடையில் கடல்வழி ஏறக்குறைய 120 கி.மீ. அந்த 120 கி.மீ.யைக் குளிர்காலத்தில், வாடை வீசும் நாட்களில், சிறிய பாய்மரப் படகில் கடப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு வாடை புதிதில்லை. சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் வரப்பில் நின்றால் காதோரம் அறுக்கும் காற்று அது. வயலில் நிற்கிறவன் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கடலில் அது உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முதலில் ஒரு மூலையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கோடியக்கரை மூலை

நாகையிலிருந்து கோடியக்கரை வரை கரை வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே தடையே இல்லாத வங்கக்கடல். கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே மடங்குகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் வரை நிலம் வடக்கேயும் கடல் தெற்கேயும் இருக்கும். வரைபடத்தை எடுத்து விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். இதை மனதில் பதித்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது.

வாடை வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறது. நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்தில் அது கடலிலிருந்து கரையை நோக்கித் தள்ளும் காற்று. வங்கக்கடலின் முழு நீளத்தையும் ஓடிவந்த அலையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அங்கே இயந்திரம் நின்றாலோ பாய் கிழிந்தாலோ படகு கரையில் மோதும். மூலை திரும்பியதும் அதே காற்று நிலத்தைக் கடந்து வருகிறது. அலை எழும்ப அதற்கு இடமில்லை. கரையிலிருந்து ஒன்றிரண்டு கி.மீ.க்குள் கடல் ஏரி போல் கிடக்கும். பாய் மட்டும் நிறைந்திருக்கும். ஒரே நாள், ஒரே காற்று, இரண்டு வேறு கடல்கள்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் குடும்பம் குடும்பமாகக் கோடியக்கரைக்கு வந்து கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடப்பது இது. மீன் ஒரு காரணம் என்றால் ஒதுங்க இடம் இருப்பது இன்னொரு காரணம்.

ஆனால் இந்த ஒதுக்கம் மல்லிப்பட்டினத்தோடு முடிந்துவிடுகிறது. கட்டுமாவடிக்குத் தெற்கே கரை மறுபடியும் தெற்கே இறங்குகிறது. கோட்டைப்பட்டினம், தொண்டி எல்லாம் கிழக்கு பார்த்த கரைகள். பாக் நீரிணை வழியாக நுழைந்த வாடை அங்கே முழு விசையோடு வந்து விழும். அதனால்தான் இந்தப் பயணத்தை மனோராவோடு நிறுத்துகிறேன். இராமேசுவரம் தீவுவரை போக ஆசைப்படுகிறவர்கள் மாசி கடைசிவரை காத்திருக்கட்டும். பாம்பன் பாலத்தைக் கடப்பதற்குத் துறைமுக அலுவலகத்தின் அனுமதியும் பாலம் திறக்கும் நேரமும் வேண்டும். அது தனி அத்தியாயம்.

எப்போது கிளம்புவது

மார்கழி பிறந்துவிட்டால் புயல் போய்விடும் என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கடலில் இறங்காதீர்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 இரவு வந்தது. அது மார்கழி முதல் வாரம். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில், ஐப்பசி முடியும் தறுவாயில், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு அருகே இலங்கையைக் கடந்து வந்து, வலுவிழந்த பிறகும் இராமநாதபுரம் கடலோரத்தை ஒட்டி நகராமல் நின்றுகொண்டு டெல்டா முழுவதையும் நனைத்தது. 'புயல் வலுவிழந்தது' என்று செய்தி வந்தால் கடலும் அடங்கிவிட்டது என்று பொருளில்லை என்பதற்கு புரெவியே சாட்சி.

என் கணக்கு இதுதான்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் படகைக் கரையில் ஏற்றி வைத்துப் பழுது பார்க்கும் மாதங்கள். பொங்கல் கழிந்து ஒரு வாரம் பொறுத்து, மாசி முடிவதற்குள் போய் வரலாம். நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய பயணிகள் கப்பல், பருவமழையால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கி, மழைக்காலம் வந்ததும் மறுபடி நின்றது. இயந்திரக் கப்பலுக்கே இந்த மாதங்கள் ஆகவில்லை என்றால் இருபது அடிப் படகு எம்மாத்திரம்.

கிளம்பும் நாளை மூன்று விஷயங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதலாவது துறைமுகக் கூண்டு. 1ஆம் எண் ஏறினால் தொலைவில் புயல் சின்னம் இருக்கிறது என்று பொருள். பெரிய கப்பல்காரர்கள் அதைக் குறித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். பாய்மரப் படகுக்கு 1ஆம் எண்ணே போதும், கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். 3ஆம் எண் என்றால் திடீர்க் காற்றும் மழையும் துறைமுகத்தையே தாக்கக்கூடும். இரண்டாவது, ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை உயர அறிவிப்பு. நாகைக் கடலுக்கு 1.5 மீட்டருக்கு மேல் சொல்லியிருந்தால் முதல் கட்டத்தைத் தொடங்காதீர்கள்.

மூன்றாவது, படகிலேயே இருக்க வேண்டிய காற்றழுத்தமானி. இதைப் பார்க்கத் தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம். அதிகாலை 4க்கும் மாலை 4க்கும் பள்ளம். இந்த ஏற்ற இறக்கமே 3, 4 மில்லிபார் வரும். காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு மாலை நாலு மணிக்குப் பார்த்தால் முள் இறங்கித்தான் இருக்கும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. இன்று காலை பத்தை நேற்றுக் காலை பத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே நேரத்து அளவு ஒரு நாளில் 3 மில்லிபார் குறைந்திருந்தால் கரை ஒதுங்குங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், அளவு மூன்றையும் எழுதி வாருங்கள். அந்த நோட்டு ஒரு நாள் உங்கள் உயிரைக் காக்கும்.

அதோடு காற்றின் திசையையும் கவனியுங்கள். வடகிழக்கிலிருந்து சீராக வந்துகொண்டிருந்த வாடை வடக்கே திரும்பி, பிறகு வடமேற்குக்குப் போய், முள்ளும் இறங்கினால் கிழக்கே ஏதோ நெருங்குகிறது. வானம் தெளிவாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

படகும் பொருட்களும்

நம் கடல் ஆழமற்றது. பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. கரையை ஒட்டி அரை கி.மீ. தூரம் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும். மேல்நாட்டு உல்லாசப் படகுகளைப் போல அடியில் ஆறடிக்கு ஈயப் பாரம் தொங்கும் படகு இங்கே உதவாது. மூன்றடிக்கு மேல் தண்ணீர் கேட்காத, தட்டையான அடி கொண்ட படகு வேண்டும். இந்தக் கடலில் பிறந்த வத்தை அப்படிப்பட்டதுதான். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது, பாக் விரிகுடாப் படகுகளில் குறுக்கே நீட்டியிருக்கும் பலகையைத் தனியாகக் கவனித்து எழுதினார். காற்று வரும் பக்கமாகப் பலகையை வெளியே நீட்டி, அதன் மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்து படகைச் சாயவிடாமல் பிடிக்கிறார்கள். தொண்டிப் பக்கம் பாய்மரப் போட்டி நடக்கும்போது போனால் இன்றும் பார்க்கலாம். நீங்கள் நவீனப் படகு வைத்திருந்தாலும் பாடம் அதுவே: காற்று கூடும்போது முதலில் பாரத்தைக் காற்றுப் பக்கம் மாற்றுங்கள், அடுத்து பாயைச் சுருக்குங்கள்.

பாயைச் சுருக்குவதில் ஒரே விதி. 'சுருக்கலாமா' என்று எண்ணம் வந்த நிமிடத்திலேயே சுருக்கிவிட வேண்டும். பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் கயிறு நனைந்து முடிச்சு இறுகிவிடும்; குளிர்ந்த விரலுக்கு அது அவிழாது. கோடியக்கரையை நெருங்குவதற்கு முன்பே, வேதாரண்யத்துக்கு நேராக வரும்போதே, பாயை ஒரு மடிப்புச் சுருக்கிக்கொண்டு போவது என் வழக்கம். சில நாள் அது தேவைப்படாமல் போகும். போகட்டும்.

நங்கூரக் கயிறு 60 மீட்டருக்குக் குறையக் கூடாது; அதன் முனையில் ஐந்து மீட்டருக்காவது சங்கிலி இருக்க வேண்டும். இது ஏன் உயிர்க்கயிறு என்பதைக் கீழே சொல்கிறேன். பதினைந்தடி மூங்கில் கழி ஒன்று: ஆழம் பார்க்கவும், சேற்றிலிருந்து உந்தித் தள்ளவும். உள்ளூர் மீனவர்கள் மின்கருவியை நம்புவதைவிடக் கழியை நம்புகிறார்கள், நானும் அப்படியே. ஆளுக்கொரு உயிர்காப்பு மேலாடை. அது பெட்டிக்குள் இருக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். 16ஆம் அலைவரிசை கேட்கும் வயர்லெஸ். கைப்பேசி சிக்னல் கரையிலிருந்து சில கி.மீ. தாண்டினால் கைவிட்டுவிடும்.

குளிர்

கனடாவின் மேற்குக் கடற்கரைத் தீவுகளுக்கிடையே குளிர்காலத்தில் படகோட்டுகிறவர்கள் 7, 8 டிகிரித் தண்ணீரில் போகிறார்கள். அங்கே விழுந்தவனுக்கு முதல் நிமிடத்தில் மூச்சே வசப்படாது. பத்து நிமிடத்தில் கையும் காலும் சொன்னதைக் கேட்காது. நம் கடல் தை மாதத்திலும் 25, 26 டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் 'நம்ம ஊர்க் குளிர் என்ன செய்யும்' என்ற எண்ணம்தான் ஆபத்து. உடம்பின் சூடு 37 டிகிரி. 25 டிகிரித் தண்ணீரில் மணிக்கணக்கில் கிடந்தால் உடம்பு சூட்டை இழந்துகொண்டே இருக்கும். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: அலைத்துளியில் சட்டை நனைந்து, அந்த ஈரத்தின் மேல் நாள் முழுவதும் வாடை அடிப்பது.

நடுங்கினால் கவனியுங்கள். நடுங்குகிறவனுக்கு நடுக்கம் நின்று, பேச்சு குழறி, கயிற்றைப் பிடித்த கை நழுவுகிறது என்றால் உடனே கரை ஒதுங்க வேண்டும். ஈரத் துணியைக் கழற்றிவிட்டு உலர்ந்த கம்பளியைப் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். கையைக் காலைத் தேய்க்காதீர்கள். சாராயம் ஒரு துளியும் கூடாது; அது சூடு ஏறுவதுபோல் தோன்றவைத்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

பருத்திச் சட்டையும் கைலியும் நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரை உள்ளே இழுக்கும். உள்ளே மெல்லிய கம்பளி பனியன், வெளியே காற்றுப் புகாத மழைச்சட்டை, தலைக்குக் குல்லா. வேறொரு முழு உடுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி, நனையாத இடத்தில் இருக்கட்டும். அதிராம்பட்டினத்தில் எனக்குக் கடல் கற்றுக்கொடுத்த பெரியவர் விடியற்காலையில் படகில் கால் வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "பிளாஸ்க்கு எடுத்தியா தம்பி?" என்பதுதான். சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்தது அதில் இருக்கும். அவர் அதை எங்களுக்குத் தருவது பசிக்கும்போது இல்லை. மூலை திரும்புவதற்குச் சற்று முன்னால். விரலில் சூடு ஏறிய பிறகுதான் பாய் வேலை.

நாகையிலிருந்து கோடியக்கரை: 55 கி.மீ.

நாகைத் துறைமுகம் கடுவையாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் ஆற்று வெள்ளம் வெளியே ஓட, வாடை உள்ளே தள்ள, முகத்துவாரத்தில் இரண்டும் மோதி அலை குத்துக்குத்தாக நிற்கும். வெளியே போவதென்றாலும் உள்ளே வருவதென்றாலும் ஏற்றம் தொடங்கிய பிறகு போங்கள். நம் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும் முகத்துவாரத்தில் அந்த இரண்டடி பெரிய உதவி.

டெல்டா ஆறுகள் கடலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதையும் எதிர்பாருங்கள். ஆகாயத்தாமரைத் திட்டுகள், வேரோடு பெயர்ந்த மூங்கில், வாழைமரம், சில சமயம் தென்னந்துண்டு பாதி மூழ்கி மிதந்துகொண்டிருக்கும். வெள்ளையாற்று முகத்துக்கு நேராக வரும்போது ஒருவர் படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கடல் நிறம் பச்சையிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறும் கோடு நன்றாகத் தெரியும். குப்பை அந்தக் கோட்டில்தான் கூடும்.

இந்தக் கட்டத்தில் கரையிலிருந்து 5 கி.மீ.க்குக் குறையாமல் விலகி ஓடுங்கள். கரைக்குத் தள்ளும் காற்று என்பதால் அந்தத் தூரம்தான் ஏதேனும் ஆனால் சரிசெய்ய உங்களுக்குக் கிடைக்கும் நேரம். நாகூரின் மனாராக்கள் பின்னால் மறையும்போது வேளாங்கண்ணிப் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரங்கள் முன்னால் எழும். அதற்கப்புறம் கரை தாழ்ந்துவிடும். வேதாரண்யம் உப்பளப் பக்கம் கண்ணுக்குப் பிடி கிடைக்காது. கோடியக்கரை வெளிச்சவீடு தெரிகிறவரை திசைமானியை நம்புங்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய வெளிச்சவீடு 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. பழைய படங்களைப் பார்த்து அதைத் தேடாதீர்கள்.

விடியும் முன் கிளம்புங்கள். வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டமும் தெற்கு நோக்கியே ஓடுகிறது. மீனவர்கள் நீவாடு என்பார்கள். காற்றும் நீவாடும் சேர்ந்து தள்ளுவதால் ஆறு மணி நேரத்தில் மூலைக்கு வந்துவிடலாம். திரும்பிப் போவது என்றால் இரண்டும் எதிரே நிற்கும். அதை ஒரு நாளில் முடிக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பலர் மல்லிப்பட்டினத்தில் படகை விட்டுவிட்டு பங்குனியில் வந்து எடுத்துப் போகிறார்கள். நல்ல முடிவு.

மூலையில் ஓர் இரவு

கோடியக்கரைக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கி.மீ.யில் இந்திய, இலங்கைக் கடல் எல்லைக் கோடு ஓடுகிறது. 1974 ஒப்பந்தத்தில் வரைந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடு. மிதவை இல்லை, விளக்கு இல்லை. அதைத் தாண்டிய மீனவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை நாளிதழில் படித்துக்கொண்டே இருக்கிறோம். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் அந்தப் பக்கம். சுங்கம், குடியேற்றம் இரண்டின் முறையான அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளின் பக்கம் அணியத்தைத் திருப்பவே கூடாது.

ஆனால் திருப்பாமலும் போய்விடலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம் மூலையைத் திரும்பிக்கொண்டிருந்தபோது எங்கள் சுக்கான் ஆணி முறிந்தது. பழைய ஆணி; கிளம்புமுன் தட்டிப் பார்க்காதது என் தவறு. பிற்பகல் மூன்று மணி. பாயை இறக்கினோம். இறக்கிய பிறகும் படகு நிற்கவில்லை. வெளிச்சவீட்டுக்கும் கரையில் நின்ற ஒரு கொட்டகைக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன். வாடையும் நீவாடும் எங்களைத் தெற்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தன. அந்த வேகத்தில் ஓர் இரவு போதும், விடியும்போது எல்லையில் இருப்போம்.

கூட வந்திருந்த பெரியவர் சுக்கானைப் பார்க்கவே இல்லை. "நங்கூரத்தைப் போடு தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். சுற்றிலும் கரை தெரியாத நடுக்கடல் போலிருந்தது எனக்கு. ஆனால் கயிற்றில் கனம் கட்டி விட்டுப் பார்த்தால் ஒன்பது மீட்டர்தான் ஆழம். நாற்பது மீட்டர் கயிறு விட்டதும் சங்கிலி தரையில் உராய்கிற அதிர்வு கயிறு வழியாக உள்ளங்கைக்கு வந்தது. முதலில் இழுத்து இழுத்து வந்து, பிறகு ஒரே இழுப்பில் இறுகி நின்றது. அணியம் காற்றுக்கு நேராகத் திரும்பியது. அதன் பிறகு இரவு முழுவதும் அந்தக் கயிற்றின் மேல் கை வைத்து மாறி மாறிக் காவல் இருந்தோம். கயிறு நடுங்கினால் நங்கூரம் நகர்கிறது. விறைத்து அமைதியாக இருந்தால் பிடித்திருக்கிறது. காலையில் கோடியக்கரையிலிருந்து தொழிலுக்கு வந்த படகு எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார்கள்.

அன்று கற்றதைத்தான் மேலே 60 மீட்டர் என்று எழுதினேன். பாக் விரிகுடாவில் ஏறக்குறைய எங்கும் நங்கூரம் தரையைத் தொடும். உலகத்தின் பல கடல்களுக்கு இந்த வரம் இல்லை. எது பழுதானாலும் முதலில் படகை நிறுத்துங்கள், பிறகு பழுதைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து 1554 எண்ணில் கடலோரக் காவல்படையையும், 1093 எண்ணில் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தையும் அழைக்கலாம். சிக்னல் இல்லையென்றால் வயர்லெஸ்ஸில் 16.

நங்கூரத்தில் இரவு தங்கினால் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கை உயரத்தில் ஏற்றுங்கள். விசைப்படகுகள் இங்கே வாரத்தில் மூன்று நாளும், நாட்டுப்படகுகள் நான்கு நாளும் தொழிலுக்கு வருவது ஊர்க் கட்டுப்பாடு. கிளம்புமுன் எந்த நாள் யாருடையது என்று கரையில் விசாரியுங்கள். நாட்டுப்படகு நாளில் தாழ விரித்த நண்டு வலைகளும் அவற்றின் சிறிய கொடிகளும் எங்கும் இருக்கும். வலை ஒருவருடைய சோறு. உங்கள் படகில் வலை சிக்கினால் அறுக்காதீர்கள். பாயை இறக்கிவிட்டு, பொறுமையாக விடுவித்து, சேதமானால் தேடிப்போய்ப் பணம் கொடுங்கள்.

கோடியக்கரையிலிருந்து மனோரா

மூலை திரும்பியபின் பயணம் இன்பமானது. கரையோடு ஒட்டி, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில், வலது கைப்பக்கம் நிலத்தை வைத்துக்கொண்டு மேற்கே ஓடலாம். கோடியக்கரைச் சதுப்பு 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். சரணாலயப் பகுதியில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் ஈரச் சதுப்பில் கால் வைக்குமுன் கழியை ஊன்றிப் பாருங்கள். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கோடிக்கரைப் புதைசேறு நினைவிருக்கும்.

வடக்குக் காற்று நாள்கணக்கில் அடித்தால் இந்த வடகரையிலிருந்து தண்ணீர் தெற்கே விலகிவிடும். 'கடல் உள்வாங்கியது' என்று நாளிதழ் எழுதும் பல நாட்களில் நடப்பது இதுதான். நேற்று மிதந்த இடத்தில் இன்று படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும். கவலைப்பட வேண்டாம். இறங்கித் தள்ளி முதுகை முறித்துக்கொள்வதைவிட ஏற்றத்துக்குக் காத்திருங்கள்.

முத்துப்பேட்டைக் காயலில் பாமணியாறும் கோரையாறும் கிளைதாங்கியாறும் வந்து சேர்கின்றன. காவிரி கடைசியாகக் கடலைத் தொடும் இடங்களில் இதுவும் ஒன்று. அலையாத்திக் காடும் சேற்றுத் திட்டுகளும் சேர்ந்து சின்னச் சின்னத் தீவுகளாகக் கிடக்கும். கஜாவில் இந்தக் காடு மிகவும் அடிபட்டது. உள்ளே வனத்துறைப் படகோடுதான் போக வேண்டும். தில்லை மரத்தின் கிளையை ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதல். தை மாதக் காலையில் காயலின் மேல் பனிமூட்டம் எட்டு, ஒன்பது மணிவரை நிற்கும். அதுவரை நங்கூரத்தைத் தூக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் சட்டென்று இருட்டிவிடும் என்பதால் நாலரைக்குள் அன்றைய தங்குமிடத்துக்கு வந்துவிடுவது நல்லது.

அதிராம்பட்டினத்தைத் தாண்டியதும் கரையில் தென்னை வரிசை. கஜாவுக்கு முன் வரைந்த வழிக்குறிப்பு ஏதாவது உங்களிடம் இருந்தால், 'அடர்ந்த தோப்பு', 'மூன்று தனித் தென்னை' போன்ற அடையாளங்களை அடித்துவிடுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகள் அந்த ஒரே இரவில் சாய்ந்தன; இப்போது நிற்பவற்றில் பல அதன் பிறகு நட்டவை. மாறாமல் நிற்பது மனோரா ஒன்றுதான்.

மனோராவுக்கு முன்னால் நங்கூரம் போடும்போது ஒரு வேண்டுகோள். இந்தக் கரைக்கு வெளியே கடற்புல் வயல் போல் விரிந்து கிடக்கிறது. அதை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காக, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு 2022இல் பாதுகாப்பகமாக அறிவித்தது. மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். நங்கூரம் ஒருமுறை இழுபட்டால் கடற்புல் வேரோடு பெயர்ந்துவிடும். மறுபடி அடர்த்தியாக முளைக்க ஆண்டுகள் ஆகும். தண்ணீர் தெளிவாக இருந்தால் குனிந்து பாருங்கள். கருமையாகத் தெரிவது புல், வெளுப்பாகத் தெரிவது மணல். மணலில் போடுங்கள். தெரியவில்லையென்றால் கரையில் நிற்கிற மீனவரிடம் கேளுங்கள். எங்கே மணல் என்று கையை நீட்டிக் காட்டுவார்.

கிளம்பும் நாளில் கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில் ஆட்களின் பெயர், படகின் நிறம், போகும் வழி, சேரும் நாள் எல்லாம் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். மல்லிப்பட்டினத்தில் கரை ஏறியதும், உடுப்பு மாற்றுவதற்கு முன்பே, அவர்களுக்கு ஒரு போன் செய்து வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அன்றிரவு உங்களைத் தேடி அந்த வாடையில் வேறு சிலர் கடலில் இறங்க வேண்டியிருக்கும்.